சாம்பிராணிப் புகை வீட்டுக்கு நல்லதா, நெஞ்சுக்குக் கெடுதலா? தெரிந்துகொள்ள வேண்டியவை

வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்தால், பேராக் மாநிலம் ஆயர் தாவார் பக்கத்துத் தாமான்களில் மூன்று விதமான புகை ஒரே நேரத்தில் எழும். தமிழர் வீட்டில் தூபக்காலில் சாம்பிராணி. பக்கத்துச் சீனர் வீட்டு வாசலில் சிவப்புக் குச்சி ஊதுபத்தி. கொசுத்தொல்லை தாங்காத வீட்டில் கொசுவத்திச் சுருள்.

"சாம்பிராணி போட்டா வீடு சுத்தமாகும், கண்ணேறு போகும், கொசு அண்டாது" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். "அந்தப் புகை பிள்ளைக்கு ஆகாது, இழுப்பு வந்துடும்" என்று கிளினிக்கில் சொல்வதையும் கேட்டிருப்போம். இதில் எது சரி? புகையே வேண்டாம் என்று விட்டுவிட வேண்டுமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

சாம்பிராணி எங்கிருந்து வருகிறது, அதில் என்ன நன்மை, என்ன ஆபத்து, வீட்டில் எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்பதை இங்கே பார்க்கலாம்.

சாம்பிராணி என்பது என்ன?

சாம்பிராணி ஒரு மரத்தின் பிசின். மலாய் மொழியில் இதற்குக் கெமென்யான் என்று பெயர். ஸ்டைராக்ஸ் என்ற மரவகையின் பட்டையைக் காயப்படுத்தினால் பால் போல ஒன்று கசியும். அது காற்றுப் பட்டு இறுகிக் கட்டியாகும். அந்தக் கட்டிதான் நாம் தணலில் போடும் சாம்பிராணி.

தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். ரப்பர் மரத்தில் விடியற்காலை உளி போட்டால் காலை முடிவதற்குள் மங்கில் பால் சேர்ந்துவிடும். சாம்பிராணி மரம் அப்படி அவசரப்படாது. சுமத்திராவின் வடக்கே தோபா ஏரிப் பக்கத்து மலைக்காடுகளில் பாத்தாக் விவசாயிகள் மரத்தைச் சுத்தம் செய்து, பட்டையில் சிறு சிறு காயங்கள் போட்டு விட்டு வருவார்கள். சில மாதங்கள் கழித்துப் போய் இறுகிய பிசினைச் சுரண்டி எடுப்பார்கள். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு மரம், இந்தப் பக்கம் ஒரு மரம். இரண்டையும் காயப்படுத்தித்தான் சோறு.

கடையில் 'சாம்பிராணி' என்று விற்கப்படுவது எல்லாமே இந்தப் பிசின் அல்ல. மற்ற சில பொருள்களையும் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

• குங்கிலியம்: வேறு வகை மரங்களின் பிசின். பூசைக்கும் நாட்டு மருந்துக்கும் பயன்படுகிறது.

• குந்திரிக்கம்: அரபு நாடுகள், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய இடங்களில் வளரும் பாஸ்வெல்லியா மரப்பிசின். தேவாலயங்களில் அதிகம் எரிக்கப்படுவது இதுதான்.

• அகில்: மலாயில் காரு. அக்குலேரியா மரத்தைப் பூஞ்சை தாக்கும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின் கட்டையில் ஊறி மணமாகிறது. காட்டில் இந்த மரம் வேகமாகக் குறைந்ததால், மலேசியாவிலும் வளரும் அக்குலேரியா மலாக்கென்சிஸ் இனம் 1995-ல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

• கப் சாம்பிராணி, கோன் சாம்பிராணி: கரித்தூள், மரத்தூள், பசை, வாசனை சேர்த்து அச்சில் அழுத்தியவை. இவற்றில் உண்மையான பிசின் எவ்வளவு என்பது தயாரிப்பைப் பொறுத்தது.

• ஊதுபத்தி: மூங்கில் குச்சியில் கரித்தூள், மரத்தூள், ஒட்டும் தன்மையுள்ள மரப்பட்டைத் தூள் ஆகியவற்றை உருட்டி, வாசனை எண்ணெயில் தோய்த்து எடுப்பது. இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் மைசூர்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது?

புகையால் வீட்டையும் கூந்தலையும் மணக்கச் செய்வது தமிழர்களுக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் பெண்கள் ஈரக் கூந்தலை அகில் புகையில் உலர்த்துவது பல இடங்களில் வருகிறது. கடல் கடந்து கப்பலில் வந்த அகிலையும் கற்பூரத்தையும் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது.

அந்தப் பொருள்கள் வந்த திசைகளில் ஒன்று நம் பக்கம்தான். சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம் இருந்தது. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் அது பெயர் பெற்ற இடம். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கி.பி. 1088-ஐச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு அங்கே தங்கி வியாபாரம் செய்ததற்கு அது சான்று. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, வாசனைப் பொருள் தேடித் தமிழர்கள் இந்தக் கடலில் வந்து போயிருக்கிறார்கள்.

அரபு வணிகர்கள் சாம்பிராணியை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாப் பக்கத்துக் குந்திரிக்கம் என்று அழைத்தார்கள். அந்தச் சொல் ஐரோப்பியர் வாயில் மருவி 'பென்சாயின்' ஆனது.

பக்திக் கதைகளிலும் இதற்கு இடம் உண்டு. அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவர் குங்கிலியக்கலயர். திருக்கடவூர்க் கோயிலில் குங்கிலியத் தூபம் இடுவதே அவர் தொண்டு. வறுமையில் மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொன்னபோது, அவர் குங்கிலியம் வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனதாகப் பெரியபுராணம் சொல்கிறது.

இது தமிழர்களின் பழக்கம் மட்டுமல்ல. ஓமானில் குந்திரிக்க மரங்கள் வளரும் இடங்களும் அதை ஏற்றுமதி செய்த பழைய துறைமுகங்களும் 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சீனர்களுக்கு முன்னோர் வழிபாட்டில் ஊதுபத்தி தவிர்க்க முடியாதது. மலாய்க்காரர்களின் பழைய கம்பத்துச் சடங்குகளிலும் கெமென்யான் புகை இருந்தது.

தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்கு

ஆயர் தாவார், சித்தியவான், புருவாஸ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கால லயத்து வீடு நினைவிருக்கும். பலகைச் சுவர், தகரக் கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. முன்கதவும் பின்கதவும் திறந்தே கிடக்கும். விறகடுப்புத் தணலைக் கொஞ்சம் அள்ளித் தூபக்காலில் போட்டு, மேலே ஒரு சிட்டிகை சாம்பிராணி தூவினால், புகை வீட்டைச் சுற்றிவிட்டுக் கூரை வழியாகப் போய்விடும்.

ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் ஃபிளாட்டுகளுக்கும் குடிபெயர்ந்தன. பழக்கமும் கூடவே வந்தது. ஆனால் வீடு மாறிவிட்டது. இப்போது கல் சுவர், அடைத்த கூரைத் தளம், கண்ணாடி ஜன்னல், கொசுவலை, அறைக்கு அறை ஏர்கோன். புகை உள்ளே வந்தால் வெளியே போக வழியில்லை.

"எங்க பாட்டி காலத்துல தினமும்தான் போட்டாங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சாம்பிராணி அதேதான். அதைச் சுற்றியிருக்கும் சுவர்தான் மாறியிருக்கிறது.

நன்மை உண்டா?

உண்டு. ஆனால் சொல்லப்படும் எல்லா நன்மைகளுக்கும் ஒரே அளவு ஆதாரம் இல்லை.

மன அமைதி: ஒரு குறிப்பிட்ட நேரத்தில் விளக்கேற்றி, தூபம் காட்டி, ஐந்து நிமிடம் அமைதியாக நிற்பது மனத்துக்கு இதம் தரும். பழகிய வாசனை, பழைய நினைவுகளையும் கொண்டுவரும். வாசனைப் பொருள்களிலும் ஏதோ இருக்கலாம். குந்திரிக்கத்தில் உள்ள இன்சென்சோல் அசிட்டேட் என்ற பொருள் எலிகளின் பதற்றத்தைக் குறைத்ததாக 2008-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எலிகளுக்குச் சுத்தமான பொருளாகக் கொடுத்துச் செய்த சோதனை அது. அதை வைத்து, சாம்பிராணிப் புகை மனிதர்களுக்கு மருந்து என்று சொல்லிவிட முடியாது.

மருந்துக் குணம்: சாம்பிராணியில் பென்சாயிக் அமிலம் இருக்கிறது. அது கிருமி வளர்ச்சியைத் தடுக்கும். உணவுப் பொருள் கெடாமல் இருக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். சாம்பிராணியைச் சாராயத்தில் கரைத்த 'டிங்ச்சர் பென்சாயின்' இன்றும் மருத்துவமனைகளில் கட்டுப் போடும்போது, பிளாஸ்திரி நன்றாக ஒட்டுவதற்குத் தோலில் தடவப்படுகிறது. ஆனால் கரைத்துத் தடவுவது வேறு, எரித்து மூச்சில் இழுப்பது வேறு.

கிருமி சாகுமா? மூலிகைகளும் மரக்கட்டையும் சேர்த்து எரித்த ஹோமப் புகை, அடைத்த அறையில் 60 நிமிடத்தில் காற்றிலிருந்த பாக்டீரியாக்களை 94 விழுக்காட்டுக்கு மேல் குறைத்ததாக 2007-ல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். "பார்த்தீங்களா, அறிவியலே சொல்லிடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கு இதுதான் மூலம். ஒரு மணி நேரம் அடைத்த அறையில் அவ்வளவு புகை இருந்தால், அதே காற்றை மூச்சில் இழுக்கும் மனிதனின் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை.

கொசு போகுமா? கனமான புகை கொசுவைக் கொஞ்ச நேரம் விரட்டலாம். புகை கலைந்ததும் அது திரும்பி வரும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் மாலையிலும் அதிகம் கடிக்கும். அது பெருகுவது வீட்டைச் சுற்றித் தேங்கும் சுத்தமான தண்ணீரில். பூந்தொட்டித் தட்டையும் வாளியையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதற்கு ஈடாக எந்தப் புகையும் இல்லை.

புகையில் என்ன இருக்கிறது?

எதை எரித்தாலும், அது முழுமையாக எரியாதபோது நுண்துகள்கள், கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவை வெளிவரும். சாம்பிராணி 'இயற்கைப் பொருள்' என்பதால் இந்த விதி மாறாது. பென்சீன் என்ற பெயரே சாம்பிராணியிலிருந்து வந்ததுதான். 1830-களில் ஜெர்மானிய வேதியியலாளர் மிட்சர்லிக், சாம்பிராணியில் கிடைக்கும் பென்சாயிக் அமிலத்திலிருந்து ஒரு திரவத்தைப் பிரித்தெடுத்து, அதற்குச் சாம்பிராணியின் பெயரையே வைத்தார்.

முக்கியமான ஆபத்து நுண்துகள்தான். ஊதுபத்தி ஒரு கிராம் எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் துகள்கள் வெளிவரும் என்றும், சிகரெட்டுக்கு இது சுமார் 10 மில்லிகிராம் என்றும் 2008-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு குறிப்பிடுகிறது. சிகரெட் புகையை ஒருவர் நேராக உள்ளே இழுக்கிறார், ஊதுபத்திப் புகை அறை முழுக்கப் பரவுகிறது. அதனால் இரண்டும் ஒன்று என்று சொல்வதற்கில்லை. ஆனால் அறை சின்னதாக இருந்தால்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரமுள்ள அறையில் சுமார் 25 கன மீட்டர் காற்று இருக்கும். ஜன்னலை அடைத்துவிட்டு ஒரு கிராம் ஊதுபத்தி எரித்து, துகள் எதுவும் வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டரில் சுமார் 1,800 மைக்ரோகிராம் துகள் சேரும். நுண்துகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த 24 மணிநேரச் சராசரி அளவு 15 மைக்ரோகிராம். நிஜத்தில் கொஞ்சம் புகை வெளியேறும், கொஞ்சம் படியும். சில மணி நேரத்தில் அளவு குறையும். ஆனாலும் இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் கவனியுங்கள். ஜன்னலைத் திறப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கொசுவத்திச் சுருளும் இதற்கு விலக்கல்ல. சீனா, மலேசியா சந்தைகளில் விற்ற சுருள்களை வைத்து 2003-ல் செய்த ஆய்வில், ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்ததற்குச் சமமான நுண்துகள் வெளிவருவது தெரிந்தது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி மூன்றும் ஒரே மாலையில் என்றால் கணக்கை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

நீண்டகாலப் பயன்பாடு பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

நமக்கு மிக அருகில் நடந்த பெரிய ஆய்வு சிங்கப்பூரில் நடந்தது. 1993-க்கும் 1998-க்கும் இடையில், 45 முதல் 74 வயதுவரையிலான 63,000-க்கும் மேற்பட்ட சீனர்கள் அதில் சேர்க்கப்பட்டுப் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 77 விழுக்காட்டினர் வீட்டில் ஊதுபத்தி ஏற்றுபவர்கள்.

அந்தத் தரவை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில், ஊதுபத்தி ஏற்றும் பழக்கமுள்ளவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 12 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பக்கவாதத்தால் இறக்கும் ஆபத்து 19 விழுக்காடு கூடுதல். அதற்கு முன்பு 2008-ல், இதே குழுவில் 61,320 பேரின் தரவை வைத்து வந்த ஆய்வு, நீண்டகாலமாக ஊதுபத்தி ஏற்றுபவர்களிடம் வாய், தொண்டை உள்ளிட்ட மேல் சுவாசப் பாதையின் சில வகைப் புற்றுநோய்கள் அதிகம் என்று காட்டியது. நுரையீரல் புற்றுநோயை மொத்தமாகப் பார்த்தபோது அப்படிப்பட்ட தொடர்பு தென்படவில்லை.

இவை மக்களைக் கண்காணித்துச் செய்த ஆய்வுகள். புகைதான் காரணம் என்று இவை மட்டும் நிரூபித்துவிடாது. தனி மனிதருக்குக் கூடும் ஆபத்து சிறியதாகவும் இருக்கலாம். ஆனால் நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில், அடைத்த வீட்டில் என்று சேரும்போது அது கவனிக்க வேண்டிய விஷயமாகிறது. வாரம் ஒருமுறை, திறந்த வீட்டில், சில நிமிடம் என்பது அதைவிட எவ்வளவோ குறைவு.

பச்சைக் குழந்தைக்குப் புகை காட்டலாமா?

நம் வீடுகளில் அதிகம் சண்டை வரும் இடம் இதுதான். பிள்ளை பெற்ற வீட்டில், குளிப்பாட்டியதும் குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது பாட்டிமார் பழக்கம். "தலையில நீர் கோத்துக்கும், சளி பிடிக்கும்" என்பது அவர்கள் கவலை. கவலை நியாயம்தான். ஆனால் புகை அதற்குத் தீர்வல்ல.

பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. அது பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடும். எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறது. புகையிலிருந்து தானே விலகிப் போகவும் அதற்குத் தெரியாது.

வீட்டுப் பெரியவர்கள் மனம் நோகாமல் செய்ய ஒரு வழி உண்டு. குழந்தையை மெல்லிய துண்டால் ஒற்றி, தலையை நன்றாக உலர்த்தி, காற்றடிக்காத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி சாமி அறையிலோ வாசலிலோ சாம்பிராணி போடட்டும். புகை முழுதும் அடங்கிய பிறகு குழந்தையை அங்கே கொண்டுவந்து விபூதி பூசச் சொல்லலாம். "புகை வேண்டாம் பாட்டி" என்று சொல்வதைவிட, "புகை அடங்கினதும் பிள்ளையைக் கொண்டு வர்றேன் பாட்டி" என்று சொல்வது எடுபடும்.

இவர்களும் புகைக்கு விலகி இருப்பது நல்லது: ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், நாள்பட்ட இருமல் உள்ள முதியவர்கள்.

வீட்டில் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

• புகை போடுவதற்கு முன்பே எதிரெதிர் ஜன்னல் கதவுகளைத் திறந்து வையுங்கள். முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது திறந்திருக்கட்டும். ஏர்கோன் ஓடும் அறையில் வேண்டாம்.

• அளவைக் குறையுங்கள். ஒரு சிட்டிகை சாம்பிராணி போதும். மூன்று ஊதுபத்திக்குப் பதில் ஒன்று போதும்.

• வாசலிலோ ஐந்தடியிலோ முற்றத்திலோ போட முடிந்தால் அதுவே சிறந்தது. அப்போது பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் புகை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• சாம்பிராணியும் கொசுவத்தியும் ஒரே நேரத்தில் வேண்டாம். கொசுவலையும் மின்விசிறியும் புகையில்லாமல் வேலை செய்யும்.

• புகைமூட்டம் வரும் மாதங்களில், காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வீட்டுக்குள் புகை போடுவதை நிறுத்திவையுங்கள். 101-க்கு மேல் என்றாலே வெளிக்காற்று 'ஆரோக்கியமற்றது' என்று பொருள்.

• எரியும் கரியைப் படுக்கையறையில் வைத்துவிட்டுத் தூங்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால் உடனே எல்லாரும் வெளியே வந்து 999-ஐ அழைக்க வேண்டும்.

தீ விபத்தைத் தடுக்க

தூபக்காலை மரப்பலகை மேல் நேராக வைக்காமல், மணல் நிரப்பிய உலோகத் தட்டின் மேல் வையுங்கள். சாமி மேடைக்கு மேலே திரைச்சீலை, காகிதப் பூமாலை, நாள்காட்டி எதுவும் தொங்கக் கூடாது. கேஸ் தோம்பு இருக்கும் இடத்துக்குத் தூபத்தைக் கொண்டுபோக வேண்டாம். ஏற்றி வைத்துவிட்டு "கடைக்குப் போயிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்" என்று கிளம்பவும் வேண்டாம். வெளியே சாம்பலாகத் தெரிந்தாலும் உள்ளே தணல் இருக்கும். அதனால் சாம்பலைத் தண்ணீர் தெளித்து ஆற்றிய பிறகே குப்பையில் கொட்டுங்கள்.

சூடத்திலும் கவனம் தேவை

பூசை சாமான்களிலேயே பிள்ளைகளுக்கு மிக ஆபத்தானது சூடம். பார்க்க மிட்டாய் போல இருக்கும். சிறு குழந்தை கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரலாம். மூடி இறுக்கமான டப்பாவில், எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. குறைபாடு இருந்தால், அந்துருண்டையையும் கற்பூரம் கலந்த பொருள்களையும் குழந்தையிடம் நெருங்க விடக் கூடாது. அவற்றால் ரத்த அணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

புகை போடும் நாள்களில் மட்டும் இருமல், தும்மல், கண் எரிச்சல் வந்தால், இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிடும். இரவில் இருமல், மூச்சு விடும்போது விசில் சத்தம், நடந்தாலே இளைப்பு என்றால் பக்கத்துச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். வீட்டில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எது பயன்படுத்துகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குழந்தையின் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் திணறினாலோ காத்திருக்க வேண்டாம். உடனே 999.